ஆறாத புண்ணும் ஆற்றும் செவியும்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரம் நோக்கிப் பயணம் செய்வோர் கூட்டேரிப்பட்டு என்னும் ஊரை நன்கு அறிவர். மயிலத்திற்குச் செல்லும் பாதை பிரிவது இவ்விடத்தில்தான். பேருந்துக்குக் காத்திருப்போர், சந்தைக்கு வந்தோர், இளைப்பாற நிறுத்திய லாரி ஓட்டுநர்கள் என ஆள் நடமாட்டம் ஓயாத கூட்டுரோடு அது.

சில மாதங்களுக்கு முன் ஒரு முற்பகலில் அங்கே தேநீர்க் கடை ஒன்றில் நாம் அமர்ந்திருந்தோம். திடீரென்று வெடிச் சத்தம் ஒன்று காதைப் பிளந்தது. சாலையில் சென்ற லாரி ஒன்றின் டயர் வெடித்துவிட்டது. கடையிலிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். ஒன்றுமில்லை என்றறிந்து மீண்டும் தேநீரைக் கையிலெடுத்தனர். ஒருவர் மட்டும் இருக்கையில் இல்லை. நாற்பது வயதைக் கடந்த அம்மனிதர் பெஞ்சுக்குக் கீழே தரையோடு தரையாய்க் கவிழ்ந்து, இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தார். சட்டையிலும் விரல்களிலும் பெயிண்ட் கறை. அருகே கட்டப்படும் வீடொன்றில் வண்ணம் பூச வந்தவர் என்று தெரிந்தது.

எவரோ சிரித்தார். அவரும் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரிக்க முயன்றார். ஆனால் தேநீர்க் குவளையைப் பிடித்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"தம்பி, சற்று இங்கே உட்காருங்கள்" என்றோம்.

"பெரிசாய் ஒண்டுமில்லை ஐயா. சின்னனிலை இருந்து இப்பிடித்தான்" என்றார் அவர். அந்தப் பேச்சிலேயே அவர் பிறந்த மண் தெரிந்தது.

நாம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த தேநீர் வந்த பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். அவரது இசைவைப் பெற்றே இங்கு எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாமென்றார், அவ்வாறே விடுகிறோம்.

புத்தகப் பை

அது 1990-ஆம் ஆண்டு. இலங்கையின் மன்னார்ப் பகுதியில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் அவருடைய குடும்பம் வாழ்ந்து வந்தது. அவருக்கு அப்போது வயது ஒன்பது. அவ்வாண்டு சூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. விமானக் குண்டுகளுக்கும் எறிகணைகளுக்கும் அஞ்சி மக்கள் தத்தம் வளவுகளிலேயே பதுங்கு குழிகளை வெட்டி வைத்திருந்தனர். ஒரு மாலையில் ஓசை கேட்டதும் தாயும் தந்தையும் இரு பிள்ளைகளும் குழிக்குள் ஓடினர்.

"என்ரை புத்தகப் பை வீட்டுக்குள்ளை கிடந்தது. புதுப் பை. அது வேணும் எண்டு நான் அழுதனான். அப்பா எடுக்கப் போனவர். திரும்பி வரேல்லை."

இவ்வளவுதான் அவர் சொன்னது. மேலும் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

சில வாரங்களில் தாய் இரு பிள்ளைகளுடன் இரவோடு இரவாகப் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கினார். மண்டபம் முகாமில் பதிவு செய்து, பின்னர் வேறொரு முகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1983 முதல் 2012 வரை இவ்வாறு தமிழகம் வந்தோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களுள் பலர் திரும்பிச் சென்றனர். 2021-ஆம் ஆண்டில் 108 முகாம்களில் ஏறக்குறைய 58,800 பேர் வாழ்ந்து வந்ததாக அரசு தெரிவித்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டதும் அவ்வாண்டில்தான். நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டில் அத்தகைய முகாம் உண்டு. நம் வீடுகளுக்கு வண்ணம் பூச வரும் அமைதியான மனிதர்களுள் பலர் அம்முகாம்களைச் சேர்ந்தவர்களே. அவர்களிடம் கூலி பேசுகிறோம், கதை கேட்பதில்லை.

புதிய ஊர், புதிய பள்ளி, தகரக் கூரையின் கீழ் ஒரு வாழ்வு. சிறுவன் வளர்ந்தான், தொழில் கற்றான், திருமணமும் ஆயிற்று. ஆனால் தந்தையின் சாவுக்குத் தானே காரணம் என்ற எண்ணத்தை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. தாயிடம் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் அந்தப் பை அவன் தோளிலேயே கிடந்தது.

மனத்தில் விழும் வடு

உடலில் பட்ட காயம் ஆறிய பின்னும் வடு நிற்கிறது. மனத்திலும் அவ்வாறே நிகழும் என்பதை உலக மருத்துவம் முறையாக ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் உளப்பாதிப்பை ஒரு நோயாகப் பெயரிட்டு அமெரிக்க உளமருத்துவக் கழகம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது 1980-ஆம் ஆண்டில்தான்.

தமிழ் மக்களிடையே இதனை ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே யாழ்ப்பாண மருத்துவமனையில் பணியாற்றி, குண்டுகளுக்கும் இடப்பெயர்வுகளுக்கும் தப்பி வந்தோரின் உள்ளத்தை அவர் கண்டறிந்தார். போர் இலங்கைத் தமிழர் உள்ளங்களில் விட்டுச் சென்ற வடுக்களைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1998-இல் வெளிவந்தது. 'மனவடு' என்னும் சொல் இன்று அத்துறையில் நிலைபெற்றுவிட்டது.

இவ்வடு செயற்படும் விதத்தைச் சற்று விளக்குவோம். ஆபத்து நேரும்போது நம் உடல் ஒரு மணியை அடிக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன, கால்கள் ஓடத் தயாராகின்றன. ஆபத்து நீங்கியதும் மணி ஓய்வதே இயல்பு. ஆனால் தாங்கொணா அச்சத்தைக் கண்ட பிள்ளைக்கு, அருகில் அணைத்துத் தேற்றுவார் எவருமில்லையெனில், அந்த மணி முற்றும் ஓய்வதில்லை. அன்றைய நிகழ்ச்சி 'நடந்து முடிந்தது' என்று அவன் உள்ளத்தில் பதிவாவதில்லை. ஓர் ஓசையோ, ஒரு வாடையோ, ஓங்கிய குரலோ போதும். முப்பது ஆண்டுகள் கழிந்தும் உடல் அன்றைய நாளுக்கே திரும்பிவிடுகிறது. கூட்டேரிப்பட்டுத் தேநீர்க் கடையில் பெஞ்சுக்கடியில் பாய்ந்தவன் மன்னாரின் ஒன்பது வயதுச் சிறுவனே.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. துன்புற்ற பிள்ளைகள் பெரும்பாலும் தம்மையே குற்றவாளியாக்கிக் கொள்கின்றனர். 'நான் அழுததால் அப்பா இறந்தார்', 'நான் குறும்பு செய்ததால் அம்மா அடி வாங்கினாள்', 'நான் ஏதோ தவறு செய்ததால்தான் அவர் என்னிடம் அப்படி நடந்தார்' என்று எண்ணுகின்றனர். ஏன் இவ்வாறு? பெரியவர்கள் தன்னைக் காக்க வலுவற்றவர்கள், அல்லது காக்க வேண்டியவர்களே தீங்கு செய்கிறார்கள் என்பதை நம்புவது பிள்ளைக்கு மிகப் பெரிய அச்சம். அதைக் காட்டிலும் 'பிழை என்னுடையது' என்று நம்புவது எளிது. பிழை தன்னுடையதானால் அடுத்த முறை திருத்திக்கொள்ளலாமே! ஒன்பது வயதில் ஒருவனைத் தாங்கிய இந்தப் பொய்த் தூண், நாற்பது வயதில் அவனை நசுக்குகிறது.

நம் இல்லங்களிலும்

போர் நம் ஊர்களுக்கு வரவில்லை. எனினும், 'இது நமக்கென்ன?' என்று வாசகர் எவரும் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இரவு எட்டு மணிக்குத் தெருமுனையில் தள்ளாடும் காலடியோசை கேட்டதும் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு அடுக்களை மூலையில் ஒடுங்கும் பிள்ளைகள் நம் பங்குகளில் இல்லையா? பிரம்படி வாங்கியே எழுத்தறிந்தவர்கள் இல்லையா? உறவினர் ஒருவரின் முறைகேடான தொடுகையை எவரிடமும் சொல்ல மாட்டாமல் இன்று பாட்டிகளாகிவிட்ட பெண்கள் இல்லையா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 9,500-க்கும் மேற்பட்ட வயது வந்தோரிடம் அவர்தம் குழந்தைப் பருவத்தைப் பற்றி மருத்துவர்கள் விசாரித்தனர். அடி, வசை, பாலியல் தீங்கு, தாய் தாக்கப்படுதல், வீட்டில் குடிகாரர் அல்லது மனநோயாளர் இருத்தல், வீட்டார் சிறை செல்லுதல் ஆகியவற்றுள் ஏதேனும் நேர்ந்ததா என்பது கேள்வி. 1998-இல் முடிவு வெளியாயிற்று. பாதிக்கு மேற்பட்டோர் ஒன்றேனும் நேர்ந்ததாகக் கூறினர். நான்கும் அதற்கு மேலும் அனுபவித்தோர் குடிக்கு அடிமையாதல், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகிய கேடுகளுக்கு அவற்றுள் எதுவும் நேராதவர்களைவிட நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை ஆளாகியிருந்தனர்.

நம் நாட்டில் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. மூன்று பிள்ளைகளில் இருவர் அடியுதைக்கு ஆளானதாக அது கூறியது. அன்றைய அப்பிள்ளைகள் இன்று தாய் தந்தையர். நம் ஆலயத்தில் நமக்கருகில் அமர்ந்திருப்பவர்கள்.

ஆறுதல் பிறந்த விதம்

நம் நண்பரின் கதைக்குத் திரும்புவோம். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகனுக்கு ஒன்பது வயதாயிற்று. ஒரு நாள் சிறுவன் புதிய பை வாங்கித் தரச் சொல்லி அழுதான். நண்பர் அவனை அடித்தார். அடித்தார் என்பதைவிட, தம்மை மறந்து அடித்துக்கொண்டே இருந்தார் என்பதே சரி. மனைவி இடையில் விழுந்து தடுத்தார். அன்றிரவு, தாம் அடித்தது மகனையா அல்லது அன்றைய தம்மையா என்று புரியாமல் அவர் விடியும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தாராம்.

ஆற்றுப்படுத்தும் பணியில் பயிற்சி பெற்ற பெண்மணி ஒருவர் அம்முகாமில் இருந்தார். மனைவிதான் கணவரை அவரிடம் அழைத்துச் சென்றார். 'ஆற்றுப்படுத்தல்' என்பது இலங்கைத் தமிழர் வழங்கும் அழகிய சொல். ஆற்றுதல் என்றால் வெம்மையைத் தணித்தல். ஆற்றுப்படுத்துதல் என்றால் வழியிற் செலுத்துதல். புண் ஆறுவதும் மனம் ஆறுதல் பெறுவதும் நம் மொழியில் ஒரே வேரிலிருந்து பிறந்தவை.

முதற் சில சந்திப்புகளில் அப்பெண்மணி பழங்கதை எதையும் கேட்கவில்லை. உறக்கம் எப்படி, உணவு எப்படி என்று கேட்டார். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடக் கற்றுக்கொடுத்தார். மனம் பதறும்போது செபமாலையைக் கையிலெடுத்து மணிக்கு ஒரு மூச்சாகச் செபிக்கச் சொன்னார். பேராசிரியர் சோமசுந்தரம் போன்றோர் தம் அனுபவத்தில் வலியுறுத்தும் வழியும் இதுவே. அவரவர் சமயத்தில் சிறு வயது முதல் பழகிய செபத்தையும் மந்திரத்தையும் மூச்சோடு இணைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, பதறிய உடல் அடங்குகிறது என்று அவர்கள் கண்டனர். நம் பாட்டிமார் மாலை வேளையில் விரல்களால் உருட்டிய மணிகளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

உடல் சற்று அமைதியுற்ற பின்னரே அவர் தாமாகப் பையின் கதையைச் சொன்னார். அப்பெண்மணி தேற்றவுமில்லை, அறிவுரை கூறவுமில்லை. நெடுநேரம் கழித்து ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"தம்பி, உங்கடை மகனுக்கு இப்ப ஒன்பது வயது. அவன் பை கேட்டு அழுது, நீங்கள் எடுக்கப் போய் ஏதாவது நடந்தால், உங்கடை சாவுக்கு அவன் பொறுப்போ?"

"இல்லை அக்கா, அவன் சின்னப் பிள்ளையெல்லோ!" என்று அவர் வாய்விட்டுக் கத்தினாராம். கத்திய பிறகே தாம் சொன்னது தம் காதில் விழுந்தது. முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக அவர் தந்தைக்காக அழுதார். அதுவரை அவர் உள்ளத்தில் இருந்தது குற்றவுணர்வு. துக்கத்துக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாள், வந்தது. முன்பெல்லாம் அன்று வேலையைச் சாக்கிட்டு வெளியூர் சென்றுவிடுவது அவர் வழக்கம். இம்முறை வயது முதிர்ந்த தாயைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். தந்தையின் கல்லறை கடலுக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே கல்லறைத் தோட்டத்தின் நடுச் சிலுவையடியில் மெழுகுதிரி ஏற்றினர். அங்கேதான் தாயிடம் பையைப் பற்றிச் சொன்னார். தாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நான்தான் மறிச்சிருக்க வேணும் ராசா. இவ்வளவு காலமும் அதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார்.

ஒரே கூரையின் கீழ், ஒரே சுமையை, ஒருவர் அறியாமல் மற்றவர் முப்பது ஆண்டுகள் சுமந்திருக்கின்றனர்!

உளமருத்துவ அறிஞர் கூறும் படிகளும் இவையே. அமெரிக்க உளமருத்துவர் சூடித் கெர்மன் 1992-இல் வெளியிட்ட நூலில் மனவடு ஆறுவதை மூன்று நிலைகளாகப் பிரித்தார். பாதுகாப்பைப் பெறுவது முதல் நிலை. நினைவு கூர்ந்து துக்கம் காப்பது இரண்டாவது. மனிதரோடும் வாழ்வோடும் மீண்டும் இணைவது மூன்றாவது. இவ்வரிசை முக்கியமானது. பாதுகாப்பு இல்லாதவனை நினைவு கூரச் செய்வது ஆறாத புண்ணைக் கீறுவதாகும். மனவடுவுக்கெனப் பயிற்சி பெற்றோர் அளிக்கும் உளச் சிகிச்சை முறைகளை உலக சுகாதார நிறுவனமும் 2013-இல் பரிந்துரைத்துள்ளது. வயது முதிர்ந்துவிட்டது, இனி என்ன பயன் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

நாம் தவிர்க்க வேண்டியவை

ஒருவர் தம் குழந்தைப் பருவத் துயரை நம்மிடம் சொல்ல முன்வரும்போது, நல்ல எண்ணத்துடனேயே நாம் மூன்று தவறுகளைச் செய்கிறோம்.

'பழையதை மறந்துவிடு' என்பது முதல் தவறு. மறக்க முடிந்திருந்தால் அவர் சொல்ல வந்திருக்கவே மாட்டார். இச்சொல் அவருக்கு 'இனி பேசாதே' என்றுதான் கேட்கிறது.

'மன்னித்துவிடு' என்று அவசரப்படுத்துவது இரண்டாவது. மன்னிப்பு கிறிஸ்தவ வாழ்வின் உயிர்நாடி என்பதில் ஐயமில்லை. ஆனால் நேர்ந்தது தீமை என்று சொல்லப்படாத இடத்தில் மன்னிக்க என்ன இருக்கிறது? புண்ணை உரிய பெயரிட்டு அழைத்து, அதற்காக அழுத பின்னரே மன்னிப்பு கனியும். அதன் வேளையைக் குறிப்பது புண்பட்டவரே, பார்த்திருப்பவர் அல்லர். மேலும், மன்னிப்பு என்பது குற்றத்தை மறைப்பதும் அன்று. பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் தீங்கை அறிந்தவர் அதனைக் காவல் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விதிக்கிறது. திருச்சபைக்குள்ளேயே இத்தகைய தீமைகள் நிகழ்ந்ததையும் மறைக்கப்பட்டதையும் ஏற்று, 2018 ஆகஸ்ட் 20-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் இறைமக்கள் அனைவருக்கும் எழுதிய மடலை நாம் மறந்துவிடலாகாது.

ஆர்வத்தால் தோண்டித் துருவிக் கேட்பது மூன்றாவது. எவ்வளவு சொல்வது, எப்போது நிறுத்துவது என்பது அவர் உரிமை.

ஒப்புரவு அருட்சாதனம் பற்றியும் ஒரு சொல். பிள்ளைப் பருவத்தில் தமக்குப் பிறர் இழைத்த தீங்கைத் தம் பாவமாக எண்ணிப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடுவோர் உண்டு. பாவம் என்பது அறிந்து, விரும்பிச் செய்வது. பிறர் செய்த கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கு அதில் பாவம் ஏது? 'அது உன் குற்றமன்று' என்று அங்கே கேட்கும் ஒரு சொல், பல ஆண்டுத் தளையை அவிழ்க்கக்கூடும். அத்தோடு தேர்ந்த ஆற்றுப்படுத்துநரிடமோ உளமருத்துவரிடமோ செல்லத் தூண்டுவதும் மேய்ப்புப் பணியே. செபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

எம்மாவு வழியில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மனமுடைந்து நடந்த சீடர் இருவரோடு ஆண்டவர் அந்நியரைப் போல் உடன் நடந்தார். நடந்தவை அனைத்தும் அவருக்குத் தெரியும். ஆயினும் முதலில் என்ன நிகழ்ந்தது என்று கேட்டார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை செவிமடுத்தார். விளக்கம் கூறியது அதற்குப் பிறகே. நாமோ கேட்பதற்கு முன்பே விளக்கிவிடுகிறோம்.

உதவி தொலைவில் இல்லை. முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இன்று துன்புறும் பிள்ளைகளுக்காக 1098 என்ற எண் உள்ளது.

நம் நண்பர் முற்றும் குணமடைந்துவிட்டாரா? டயர் வெடித்தால் இன்றும் அவர் உடல் தரையைத் தேடுகிறது. "குனியிறது நிக்கேல்லை ஐயா. ஆனால் எழும்பின பிறகு, அது லாரி எண்டு எனக்கு விளங்குது. முந்தி ரெண்டு நாளைக்கு வேலைக்குப் போகமாட்டன்" என்றார். அன்று தேநீர் அருந்தியதும் மீண்டும் சாரத்தின்மேல் ஏறி வேலையைத் தொடர்ந்தார்.

விடைபெறும்போது மகனைப் பற்றிக் கேட்டோம். மேனிலைப் பள்ளியில் படிக்கிறானாம். அன்று அடித்ததற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்ட பிறகு, மறு சூன் மாதம் பள்ளி திறக்கும் முன் அவனைத் திண்டிவனத்திற்கு அழைத்துச் சென்றாராம். கடையிலிருந்த பைகளையெல்லாம் இறக்கச் சொல்லி, மகன் விரும்பியதை அவனே எடுத்துக்கொள்ளும்வரை, கடைக்காரர் முகம் சுளித்தும், பக்கத்தில் பொறுமையாய் நின்றிருந்தாராம்.